லண்டனில் முதல் நாள்: பாதிப் பட்டியல் போதும்!



வெளிநாட்டுப் பயணம் என்றதும் எல்லோரும் பெட்டி கட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஊறுகாய் எத்தனை பாட்டில், பருப்புப் பொடி எத்தனை பொட்டலம், ஸ்வெட்டர் ஒன்றா இரண்டா என்று ஆளுக்கொரு யோசனை! ஆனால் போய் இறங்கிய பிறகு வரும் முதல் நாளை எப்படிக் கழிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த ஒரு நாளைச் சரியாக நடத்திவிட்டால், மீதி நாட்கள் தாமாகவே நன்றாக அமைந்துவிடும். நானும் என் கணவரும் ஒரு ஜூன் மாதத்தில் லண்டன் போய் வந்தோம். அந்த முதல் நாளைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேசப் போகிறேன்.

என்னவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டோடு இருக்கிறார். "எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருபது வருஷம் தள்ளிப்போட்ட பயணம் இது. ரிடையராகி வீட்டில் உட்கார்ந்தவர், ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதல் நாளுக்கு மட்டும் ஒன்பது இடங்கள் எழுதி வைத்திருந்தார்!

மாத்திரை விஷயத்தை மட்டும் நான் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டேன். ஜூனில் லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும் (குளிர்காலத்தில் ஐந்தரை மணி). "எந்த வேளை மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது?" என்று எங்கள் டாக்டரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். இதை ஆளுக்கு ஆள் மாற்றித்தான் சொல்லுவார்கள். அடுத்த வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு நடக்கக் கூடாது. மாத்திரைகள், மருந்துச் சீட்டு, சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் என் கைப்பையில். பெரிய பெட்டியில் போட்டு, அது வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

முதல் நாள் விடியற்காலை மூன்று மணிக்கே இரண்டு பேருக்கும் விழிப்பு வந்துவிட்டது. ஏன் வராது? நம் ஊரில் அப்போது ஏழரை மணி. பால்காரர் வந்து போயிருப்பார்! விமானம் நம்மைப் பத்து மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடுகிறது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரமோ ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கிறது. அதை வேகமாகத் திருப்பிவைக்கும் சாவி சூரிய வெளிச்சம்தான். ஜூனில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்து, இரவு ஒன்பதுக்கு மேல்தான் இருட்டுகிறது. வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை.

எங்கள் ஹோட்டல் வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். ஏழு மணிக்கு மாத்திரை, அதன்பின் டோஸ்ட், கார்ன்ஃப்ளேக்ஸ். "இட்லி இல்லாத டிபன் ஒரு டிபனா?" என்று இவர் பாதியில் எழுந்துவிட்டார். நான் கடையில் இரண்டு சீஸ் சாண்ட்விச்சும் வாழைப்பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஊரிலிருந்து கொண்டு வந்த குளுகோஸ் பொட்டலமும் பையில் இருந்தது. தண்ணீருக்குக் கவலையில்லை, குழாய்த் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம்.

பத்து நிமிஷம் நடந்தால் தேம்ஸ் நதி. கரையில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி. கிரிமியா யுத்தத்திலிருந்து திரும்பிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1860-ல் நர்ஸுகளுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது இந்த ஆஸ்பத்திரியில்தான். சுத்தம், காற்று, வெளிச்சம் மூன்றும் மருந்துக்குச் சமம் என்று உலகத்துக்குச் சொன்னவர். அவருக்கு அங்கே ஒரு மியூசியமும் இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியின் ஆற்றோரச் சுவர் நெடுக, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தூரத்துக்குச் சின்னச் சின்னச் சிவப்பு இதயங்கள் வரைந்திருக்கிறார்கள். கொரோனாவில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இதயம். 2021 மார்ச்சில் ஆரம்பித்து, இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல்! பலவற்றில் பெயர் எழுதியிருக்கிறது. "அம்மா", "தாத்தா" என்று மட்டும் எழுதியவையும் உண்டு. வெயிலில் சாயம் மங்க மங்க, தொண்டர்கள் வந்து மறுபடி தீட்டுகிறார்களாம்.

2021 மே மாதத்தில் எங்கள் வீட்டிலும் என் நாத்தனாரைப் பறிகொடுத்தோம். "எப்பத்தான் போவீங்க, அண்ணா? கால் நடக்கும்போதே போயிட்டு வாங்க" என்று இவரைப் பிடுங்கி எடுத்தவர் அவர்தான். கடைசியில் முகம் பார்க்கக்கூட எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்தச் சுவர் அந்த நாட்டு மக்களுக்கானது. அதில் நாங்கள் எதுவும் எழுதவில்லை. இவர் ஓர் இதயத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நானும் பேசவில்லை.

பிறகு வெஸ்ட்மினிஸ்டர் பாலத்தைக் கடந்தோம். 1862-ல் கட்டிய பாலம். பச்சை நிறம் அடித்திருக்கிறார்கள். மக்கள் சபை நாற்காலிகளின் நிறம் பச்சையாம், அதற்குப் பொருத்தமாகவாம்! எதிரே பிக் பென். உண்மையில் பிக் பென் என்பது உள்ளே இருக்கும் பெரிய மணியின் பெயர். எடை சுமார் 13.7 டன். 96 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். பத்து மணி அடித்ததை நின்று கேட்டோம், சிலிர்த்துப் போய்விட்டது.

அடுத்தது பார்லிமெண்ட் சதுக்கம். 2015-ல் வைத்த நம் காந்தித் தாத்தாவின் சிலைக்குக் கும்பிடு போட்டுவிட்டு, நான் தேடிப் போனது மிலிசென்ட் ஃபாசெட் அம்மையாரின் சிலையை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் பல பத்தாண்டுகள் பாடுபட்டவர். அந்தச் சதுக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சிலை வைக்க 2018 வரை ஆனது என்றால் பாருங்களேன்! பீடத்தைச் சுற்றி, கூடப் போராடிய 59 பேரின் படமும் பெயரும் இருக்கின்றன. அதில் ஒருவர் சோஃபியா துலீப் சிங், பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கின் மகள். "ஓட்டு இல்லையென்றால் வரியும் இல்லை" என்று நின்றதால் அவருடைய நகைகளை ஜப்தி செய்தார்கள். 1918-ல் அந்த நாட்டில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்குத்தான் ஓட்டுக் கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-ல்.

இதற்குள் மணி பதினொன்று. நோட்டுப் புத்தகத்தில் ஐந்து இடங்கள் பாக்கி. இவர் வேகமாக நடக்க ஆரம்பித்தார். செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்குள் நுழைந்ததும் நடை தளர்ந்தது. திரும்பிப் பார்த்தால் நெற்றியெல்லாம் வேர்வை! குளிர்ந்த காற்று வீசும்போது என்ன வேர்வை? கை வேறு லேசாக நடுங்கியது.

"என்னங்க, உட்காருங்க முதல்ல."

"ஒண்ணுமில்லை, அரண்மனையைப் பார்த்துட்டு உட்காரலாம்..."

"அரண்மனை எங்கேயும் ஓடிப் போயிடாது. உட்காருங்க!"

பெஞ்சில் உட்கார வைத்து விரலில் குத்திப் பார்த்தேன். 62. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்நிலைச் சர்க்கரை. காலையில் அரைச் சாப்பாடு, வழக்கத்தைவிட இரண்டு பங்கு நடை, முழு மாத்திரை: கணக்கு அங்கே இடித்துவிட்டது. குளுகோஸில் பதினைந்து கிராம் அளவுக்குத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தால் 94. அப்பாடா! உடனே சாண்ட்விச்சும் வாழைப்பழமும் சாப்பிட வைத்தேன். இந்த நேரத்தில் சாக்லேட் கொடுக்கக் கூடாது, தெரியுமோ? அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்திவிடும்.

நோட்டுப் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி என் பையில் போட்டேன். அவரும் தடுக்கவில்லை. அப்புறம் ஒன்றரை மணி நேரம் அந்த ஏரிக்கரையிலேயே உட்கார்ந்திருந்தோம். கூழைக்கடாக்கள் கழுத்தை ஆட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. 1664-ல் ரஷ்யத் தூதர் அரசருக்குக் கொடுத்த பறவைகளிலிருந்து ஆரம்பித்த வழக்கமாம், அந்தப் பூங்காவில் அவற்றை வளர்ப்பது. "நம்ம வேடந்தாங்கல் மாதிரி இருக்குல்ல?" என்றார் இவர். கல்யாணமான புதிதில் வேடந்தாங்கல் போனது, மழையில் பஸ் நின்றுபோனது, இவருடைய தங்கை தாவணியில் பொரி கட்டிக்கொண்டு வந்தது... எத்தனை வருஷத்துப் பேச்சு! வீட்டில் இருந்தால் குக்கர் சத்தத்துக்கும் டெலிபோன் மணிக்கும் நடுவே இதெல்லாம் நினைவுக்கு வருமா?

ஏரியின் நடுப்பாலத்திலிருந்தே பக்கிங்ஹாம் அரண்மனை தெரிந்தது. அன்றைக்கு அது போதும். சிவப்பு மாடி பஸ்ஸில் ஹோட்டலுக்குத் திரும்பினோம். 2014 முதல் அந்த ஊர் பஸ்களில் காசு வாங்குவதில்லை. பேங்க் கார்டைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒரே கார்டில் இரண்டு பேர் போக முடியாது. என் பெயரில் ஒரு கார்டு இருந்தது எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா?

மத்தியானத் தூக்கத்துக்கு அரை மணிக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஆற்றங்கரையில் மெதுவாக ஒரு நடை. எட்டரை மணிவரை கண்ணை இழுத்துப் பிடித்துவிட்டுப் படுத்தோம். மறுநாள் ஐந்து மணிக்குத்தான் விழிப்பு!

போகப் போகும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

1. முதல் நாளுக்கு மூன்று இடங்கள் போதும். நடக்கும் தூரத்தில், கூடியவரை திறந்த வெளியில்.

2. விமானத்தில் மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். பாதங்களை மேலும் கீழும் அசையுங்கள். கால் நரம்பில் ரத்தம் உறையாமல் இருக்கும்.

3. பழகிய செருப்பு அல்லது ஷூ. புதுசை அங்கே போய்ப் பழக்கக் கூடாது. சர்க்கரைக்காரர்கள் இரவில் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கவும்.

4. கழிவறைகளில் காகிதம்தான். சின்னக் காலிப் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும்.

5. நெய்ப் பலகாரம், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருள்கள் கொண்டுபோக அங்கே அனுமதியில்லை.

6. துணைக்கு வருபவருக்குச் சர்க்கரை மாத்திரை உண்டென்றால், குளுகோஸ் உங்கள் கையிலும் இருக்க வேண்டும், அவர் சட்டைப் பையிலும் இருக்க வேண்டும்.

"இவ்வளவு செலவு பண்ணிட்டு பெஞ்சில உட்கார்ந்துட்டு வந்தீங்களா?" என்று ஊரில் ஒரு மாமி கேட்டார். ஆமாம் மாமி, உட்கார்ந்தோம். பாக்கி ஐந்து இடங்களை அடுத்த மூன்று நாட்களில் ஆற அமரப் பார்த்தோம். அதற்கு என்னவர் நல்லபடியாக என் பக்கத்தில் நடந்து வந்தாரே, எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?