காதில் பூச்சுற்றும் கருவிகள்

காதில் மின்கிளிப்பை மாட்டுங்கள். ரத்த அழுத்தம் இறங்கும். படபடப்பு அடங்கும். மாத்திரையே வேண்டாம். கைபேசியைத் திறந்தால் இந்த விளம்பரம்தான். விருதுநகர் மாவட்டத்துப் பாலவனத்தத்தில் கரிமூட்டம் போடுகிறவரின் கைபேசியிலும் இதேதான். பணம் கட்டினால் பார்சல் வாசலுக்கே வருகிறது. பெட்டியில் உரிம எண் இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர் மாட்டக்கூடாது என்ற எச்சரிக்கை இல்லை.

இதயத் துடிப்பைத் தணிப்பது வேகஸ் நரம்பு. அதன் ஒரு கிளை காதுக்கு வருகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மருத்துவர்கள் காதுத் துளைக்கு முன்னால் புடைத்து நிற்கும் குருத்தெலும்பில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு உள்ள நோயாளிகள் 53 பேர். தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். துடிப்புக் கோளாறு குறைந்தது. 2020இல் முடிவு வெளியானது. விற்கிறவர்கள் கையில் இருப்பது இந்த 53 பேர்தான். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாம் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

அதே சோதனையில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வேண்டுமென்றே பலன் தராத இடத்தில் கிளிப் மாட்டினார்கள். எந்த இடம்? தோடு போடும் அடிமடல். நம் ஊரில் ஓடும் விளம்பரப் படங்கள் பலவற்றில் கிளிப் தொங்குவது எங்கே? அதே அடிமடலில். அங்கே தொங்கினால் இதயம் சீராகும் என்றால், பாம்படம் போட்ட நம் பாட்டிமார் ஒருவருக்கும் நெஞ்சுவலி வந்திருக்கக் கூடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகர விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது. இதய நோயும் ரத்த அழுத்தமும் அதன் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்தால் ஆறு மாதம் வரை சிறை. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டன. 2023 அக்டோபருக்குள், ஆபத்து மிகக் குறைந்த சில கருவிகள் தவிர, மற்றவற்றுக்கெல்லாம் உரிமம் கட்டாயமானது. பிறகு எப்படி விற்கிறார்கள்? மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு பதில் சொல்ல வேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பதில் சொல்ல வேண்டும். கமிஷன் வாங்கிக்கொண்டு பக்கம் திறந்துவிடும் இணையக் கடைகளும் பதில் சொல்ல வேண்டும். 'விற்பவர் வேறு, நாங்கள் வேறு' என்ற சாக்கு செல்லாது.

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், ஒருவர் குறளைத் 'திருத்தி' அச்சிட்டபோது பிரதிகளை விலைக்கு வாங்கி அழித்தார் என்பார்கள். அவரிடம் அதிகாரி பதவி இல்லை. பதவியில் இருப்பவர்களோ ஒரு விளம்பரத்தைக்கூட இறக்க மாட்டேன் என்கிறார்கள்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் ரத்த அழுத்தத்துக்கு வீட்டுக்கே இலவச மாத்திரை தருகிறது. அதை ஒதுக்கிவிட்டுக் கிளிப்பை நம்புகிறவருக்குப் பக்கவாதம் வந்தால் அருப்புக்கோட்டைக்கோ விருதுநகருக்கோ தூக்கிக்கொண்டு ஓடப்போவது அவர் குடும்பம். இணையக் கடைக்காரர் வரமாட்டார்.

உரிமமில்லாத கருவிகளை உடனே விற்பனையிலிருந்து நீக்குங்கள். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். விற்றவர்கள் மீது வழக்குப் போடுங்கள். எத்தனை வழக்கு, யார் மீது என்பதைத் தமிழில் வெளியிடுங்கள்.