முதலில் ஸ்கோர் தெரியட்டும்

கல்லூரி அணிகள் மோதும் ஆட்டத்தைப் பாதியில் போய்ப் பார்ப்பவர், பக்கத்தில் நிற்பவரிடம் முதலில் கேட்பது "ஸ்கோர் என்ன?" என்பதுதான். அடுத்தது, "இன்னும் எவ்வளவு நேரம்?" முதல் கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். இரண்டாவதற்கு நடுவரின் கைக்கடிகாரத்தில் மட்டுமே பதில் இருக்கும். இதற்குக் காரணம் பணமில்லாமை அல்ல. விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் வட்டாரம் கல்விக்காக அள்ளிக் கொடுத்த வட்டாரம். 1947-இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1963-இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968-இல் பட்டாசு நிறுவனத்தின் பெயரையே தாங்கிய ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி என்று வியாபாரத்தில் வந்த பணம் வகுப்பறைகளாக எழுந்தது. ஆனாலும் மைதானத்தில் மேசைமேல் புரட்டும் எண் அட்டையும் சாக்பீஸ் பலகையும்தான் இன்றும் சாதாரணக் காட்சி. இதை மாற்றலாம் என்று பேச்செடுத்தால், பேச்சு நேரே வீடியோ திரைக்குத் தாவிவிடுகிறது. கல்யாண மண்டபத்திலும் கட்சிக் கூட்டத்திலும் எல்.இ.டி. வால் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெறும் எண் பலகை ஏழைப்பட்டதாகத் தெரிகிறது. என் கட்சி வேறு: நம் கல்லூரி மைதானங்களுக்கு இப்போதைக்குத் திரை வேண்டாம், எண்களும் கடிகாரமும் கொண்ட உருப்படியான பலகை உடனே வேண்டும்.

திரைக்கு வாதாடுபவர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகம் 2015-இல் தன் ஜோர்டன்-ஹேர் அரங்கில் 190 அடி அகலம், 57 அடி உயரத்தில் ஒரு திரையை நிறுவியது. செலவு 1 கோடியே 39 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 85 கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் அந்த அரங்கில் 87 ஆயிரம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கி உட்காருகிறார்கள். தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், பழைய மாணவர் நன்கொடை எல்லாம் சேர்ந்து அந்தத் திரைக்குச் சோறு போடுகின்றன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில், நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் நடந்திருக்கிறது. அது தொலைக்காட்சிக்காக நடக்கும் போட்டி. கேமராக்களும் அவற்றை இயக்குபவர்களும் ஒளிபரப்போடு வந்து ஒளிபரப்போடு போய்விடுகிறார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால் ஆட்டத்துக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை.

திரை என்பது என்ன என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வெளிப்புறத் திரைகளில் நம் ஊரில் அதிகம் புழங்குவது பி-10 ரகம். ஒரு விளக்குப் புள்ளிக்கும் அடுத்ததற்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளி. ஆறு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு பி-10 திரை வைத்தால் அதில் இருப்பவை 600-க்கு 400, அதாவது 2 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். பார்வையாளரின் சட்டைப்பையில் இருக்கும் சாதாரண செல்போனில் ஏறக்குறைய 26 லட்சம் புள்ளிகள். எல்லாரையும் அண்ணாந்து பார்க்க வைக்கும் அந்தப் பெரிய திரை, துல்லியத்தில் கைபேசியின் பத்தில் ஒரு பங்குதான். அதையும் விருதுநகர் வெயிலில் வைக்க வேண்டும். மேற்கு பார்த்து நின்றால் மாலை நான்கு மணிச் சூரியன் முகத்தில் அறைந்து படம் வெளுத்துவிடும். அதை வெல்ல வெளிச்சத்தைக் கூட்டினால் 24 சதுர மீட்டர் திரை பத்து கிலோவாட்டைத் தாண்டி மின்சாரம் இழுக்கும். கரிசல் புழுதி இடுக்குகளில் படியும். எல்லாவற்றையும் சமாளித்தாலும் கடைசிக் கேள்வி நிற்கிறது: திரையில் காட்ட என்ன இருக்கிறது? கோல் விழுந்ததை மறுபடி காட்ட இரண்டு மூன்று கேமரா, வெட்டி ஒட்ட ஒருவர், இயக்க ஒருவர் வேண்டும். அவர்கள் இல்லாத மைதானத்தில் திரை வருடத்தில் நான்கு நாள் வாழ்த்துச் செய்தி காட்டும். மீதி நாள் கறுத்துக் கிடக்கும்.

எண் பலகையின் கதை வேறு. அரை மீட்டர் உயரமுள்ள சிவப்பு எண்கள் மைதானத்தின் மறுகோடியிலிருந்தும் தெரியும். சில நூறு வாட் போதும். மின்தடை வந்தால் ஒரு யு.பி.எஸ். தாங்கும். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. கூடைப்பந்தில் பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அந்த விநாடிகள் ஓடுவது ஆட்டக்காரருக்குத் தெரியாவிட்டால் அது அரைகுறை ஆட்டம்தான். கடிகாரம் பார்த்து ஆடிப் பழகாத மாணவி மாநிலப் போட்டிக்குப் போகும்போது எதிரணியோடு விநாடிகளையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இதைப் பார்வையாளர் வசதி என்ற கணக்கில் எழுதக் கூடாது. பயிற்சிக் கருவி என்ற கணக்கில் எழுத வேண்டும்.

எண் பலகையும் பழுதாகும். ஏழு கோடுகளால் ஆன எண்ணில் நடுக்கோடு செத்தால் 8, 0 ஆகிவிடும். வலது மேல்கோடு செத்தால் 6 ஆகிவிடும். பொய் சொல்லும் பலகை, இல்லாத பலகையைவிட மோசம். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கொமனேச்சி முழுப் பத்து வாங்கியபோது, 10.00 காட்ட இடமில்லாத பலகை 1.00 என்று காட்டியதை உலகமே பார்த்தது. ஆனால் எண் பலகையின் பழுதை ஒரு திருப்புளியும் உதிரிப் பாகமும் இருந்தால் கல்லூரி எலக்ட்ரீஷியனே சரிசெய்துவிடலாம். கையால் இயக்கும் பலகையைக்கூட நான் மட்டமாக நினைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஓவல் கிரிக்கெட் மைதானத்தில் 1911-இல் வைத்த பலகையை, நவீனத் திரைகள் வந்த பிறகும் உள்ளிருந்து ஆட்கள்தான் மாற்றுகிறார்கள்.

விளம்பரதாரர் திரைக்குத்தான் பணம் தருவார், எண் பலகைக்குத் தர மாட்டார் என்று சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதி எழுதியே வெளிச்சத்தை மறைத்த ஊர்கள் நம்முடையவை. அதே கை ஸ்கோர் போர்டில் பட்டால் நிறுவனத்தின் பெயர் முக்கால் பங்கும் கோல் கணக்கு கால் பங்கும் ஆகிவிடும். சட்டமும் இங்கே கவனிக்கத் தக்கது. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி செய்யும் சமூகப் பொறுப்புச் செலவில் ஊரக, ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சிக்கு இடம் உண்டு. ஆனால் தன் சரக்குக்கு விளம்பரப் பலன் தேடிச் செய்யும் ஆதரவு அந்தக் கணக்கில் வராது என்று 2021-இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. பயிற்சிக் கருவி என்று கேட்டால் திறக்கக்கூடிய கதவு, விளம்பரத் திரை என்று கேட்டால் சாத்திக்கொள்ளும். அந்தச் சட்டத்துக்குள் வராத பங்குதாரர் நிறுவனங்கள் இங்கே பல உண்டு. அவர்கள் கொடுப்பது கொடை. பெயர் போடட்டும், பலகையின் அடியில் ஒரே வரியில்.

கழிப்பறையும் குடிநீரும் இல்லாத மைதானத்துக்கு ஸ்கோர் போர்டு எதற்கு என்பது இன்னும் கனமான ஆட்சேபம். அவை முதலில் வர வேண்டும், மறுப்பில்லை. திரை வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்: எண் பலகை லட்சங்களில் முடியும், மிச்சம் குழாய்க்கும் கழிப்பறைக்கும் போகும். செல்போனில் பார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு பதில்: கிரிக்கெட்டுக்கு கிரிக்ஹீரோஸ் போன்ற செயலி உண்டு, அதிலும் யாராவது பந்துக்குப் பந்து பதிந்தால்தான் ஸ்கோர். தவிர, ரெய்டு நடக்கும்போது செல்போனைப் பார்ப்பவர் ரெய்டைப் பார்க்கவில்லை.

பலகையை வெளியூரில் வாங்கத்தான் வேண்டுமா? ஆபர்ன் திரையைச் செய்த டாக்ட்ரானிக்ஸ், 1968-இல் தெற்கு டகோட்டாவின் புரூக்கிங்ஸ் என்ற, சிவகாசியைவிடச் சிறிய ஊரில் இரண்டு மின்பொறியியல் பேராசிரியர்கள் தொடங்கியது. சட்டமன்ற வாக்குப் பலகையில் ஆரம்பித்து மல்யுத்த ஸ்கோர் போர்டு வழியாக வளர்ந்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போய்வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் உருவாக்கிய ஊருக்கு இந்தக் கதை புதிதல்ல. மெப்கோ ஷ்லெங்க், கலசலிங்கம், காமராஜ் என்று பொறியியல் கல்விக்கூடங்கள் இங்கேயே இருக்கின்றன. இறுதியாண்டு புராஜெக்ட் என்று ஒப்பேற்றுவதைவிட ஒரு கபடிக் கடிகாரம் செய்து பக்கத்துக் கல்லூரியில் மாட்டலாம். பழுது பார்க்க ஆளும் அருகிலேயே இருக்கும்.

தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடி ரூபாயில் என்று தமிழக அரசு 2023-இல் அறிவித்தது. விருதுநகர் மாவட்டத்தில் ஏழு தொகுதிகள். அந்த அரங்குகளின் மதிப்பீட்டிலும், கல்லூரிகளின் அடுத்த ஆண்டு விளையாட்டு நிதியிலும் எண் பலகைக்கும் கடிகாரத்துக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். வீடியோ திரைக்கான வரியை இப்போதைக்கு அடித்துவிடுங்கள்.