அறிக்கை வரும்வரை

“மகன் தடுப்பில இருக்கிறான்” என்றுதான் அந்தத் தாய் சொன்னார். 2009க்குப் பிறகு கணவரைப் புனர்வாழ்வு முகாமில் போய்ப் பார்த்தவர். கணவர் விடுதலையாகி வந்தபின் பிறந்த மகனுக்கு இப்போது 14 வயது. கணவர் உயிருடன் இல்லை. பழைய இரும்பு திருடிய சந்தேகத்தில் மகன் பிடிபட்டிருந்தான். நானும் துணைக்குப் போனேன்.

அதிகாரிகளுக்கு அது ‘நன்னடத்தை இல்லம்’. வாசலில் அடையாள அட்டை, பைச் சோதனை. கொண்டுபோன மிக்சர் பொதி உள்ளே போகவில்லை. உத்தியோகத்தர் பக்கத்திலேயே நின்றார். மகன் கேட்டது ஒன்றுதான்: “அம்மா, றிப்போட் எப்ப வரும்?”

1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளையின் வீட்டுச் சூழலையும் அறிந்தே நீதிமன்றம் முடிவெடுக்க வேண்டும். அதற்கு நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும். அது தாமதித்தால் தவணையும் தள்ளிப்போகும். குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையும், பாதுகாப்புத் தேடி வந்த பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் இருக்க இதே சட்டம் இடம்விடுகிறது. மகனின் பக்கத்துக் கட்டிலில் படுப்பவன், வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்தவன்.

2018இல் குற்றப் பொறுப்புக்கான வயது 8இலிருந்து 12ஆக உயர்ந்தது. நல்லதுதான், ஆனால் இவனுக்கு உதவாது. இவனுடைய வழக்கில் திருட்டைவிட வீடுதான் விசாரிக்கப்படுகிறது என்று எனக்குப் படுகிறது. தகப்பன் இல்லை, தாய் விடியவே கூலிக்குப் போகிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்: “பிள்ளை, ஐயா வந்து பாக்கிறதுக்குள்ள வீட்டுக்குக் கதவு போடவேணும். தகரக் கதவெண்டால் ஏற்பினமோ?”