தேய்ந்த கறுப்பும் தெரியும் பித்தளையும்

பழைய ஒளிப்படக் கருவிகள் பல, வாங்கிய நாளில் கரிய நிறத்தில் பளபளத்தவை. முப்பது நாற்பது ஆண்டுகள் ஒருவர் கையில் உழைத்தபின் அவற்றின் விளிம்புகளில் கறுப்பு தேய்ந்து, அடியில் உள்ள பித்தளை மஞ்சளாகத் தெரியும். வீட்டு அலமாரியில் அத்தகைய கருவி ஒன்று இருந்தால், அதைப் பார்ப்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வர். "பழசாகிவிட்டது, யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்பது ஒன்று. "புதிதாகப் பூச்சு அடித்து வைத்தால் அழகாக இருக்கும்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அவசரத் தீர்ப்புகள். தேய்ந்த பூச்சு, அக்கருவி செய்த வேலையின் பதிவேடு. அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். அழித்து எழுதவும் வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பூச்சு தேய்வது எவ்வாறு?

ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் உருவாக்கிய லைக்கா என்னும் சிறிய ஒளிப்படக் கருவி, 1925ஆம் ஆண்டு லைப்சிக் நகரக் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. அந்தத் தொடக்கக் காலக் கருவிகள் கறுப்புப் பூச்சுடன் விற்பனைக்கு வந்தன. 1930களில் குரோமிய முலாம் பூசியவையும் வந்தன. பின்னர் 1954இல் வெளிவந்த லைக்கா எம்3, 1959இல் ஜப்பானிலிருந்து வந்த நிக்கான் எஃப் ஆகியவற்றிலும் மேல்தகடு பித்தளையால் ஆனது. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையை வளைப்பதும் கடைவதும் எளிது. அதன்மேல் எழுத்துகளைப் பொறிப்பதும் முலாம் பூசுவதும் எளிது.

செய்தி ஒளிப்படக் கலைஞர் பலர் கறுப்பு நிறக் கருவியையே விரும்பினர். வெள்ளி நிறக் குரோமியம் வெயிலில் மின்னி, படம் எடுக்கப்படுபவரின் கவனத்தை ஈர்க்கும். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் தம் கருவியின் பளபளப்பான பகுதிகளைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மறைத்துக்கொண்டதும் இதற்காகவே. ஆனால் குரோமிய முலாம் கடினமானது. கறுப்பு வண்ணப்பூச்சு அதைவிட மென்மையானது. ஆகவே, மிகுதியாக உழைத்தவர்களின் கைகளிலேயே மிகுதியாகத் தேயும் பூச்சும் இருந்தது.

தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நிகழ்வதில்லை. ஈரமான வண்ணம் கூரிய விளிம்பில் நில்லாமல் இருபுறமும் விலகும். அதனால் விளிம்புகளில் பூச்சு தொடக்கத்திலேயே மெல்லியதாக இருக்கும். அந்த இடங்களையே விரல்கள் அடிக்கடி தொடுகின்றன. வியர்வையின் உப்பு, தோள்வாரின் உலோக வளையம், பையின் முரட்டுத் துணி, சட்டைப் பொத்தான் ஆகியவை நாள்தோறும் உரசுகின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. கல்லே தேயும்போது, வண்ணத்தாளைவிட மெல்லிய ஒரு பூச்சு தேய்வதில் வியப்பில்லை.

தேய்மானம் கூறும் செய்தி

பழகிய கண்ணுக்கு இந்தத் தேய்மானம் ஒரு கையெழுத்துப் போன்றது. படச்சுருளை நகர்த்தும் நெம்புகோலின் முனை தேய்ந்திருந்தால், அக்கருவி பல சுருள்களைக் கண்டது என்று பொருள். பார்வைச் சாளரத்தின் விளிம்பு தேய்ந்திருந்தால், அதன் உரிமையாளர் மூக்குக்கண்ணாடி அணிந்தவராக இருந்திருக்கலாம். வார் மாட்டும் இரு காதுகளின் கீழே தேய்ந்திருந்தால், கருவி பெட்டிக்குள் உறங்காமல் கழுத்தில் தொங்கித் திரிந்தது என்று அறியலாம். அடித்தகட்டின் ஓரம் தேய்ந்திருப்பது, அது மேசைகளிலும் மதில்களிலும் பலமுறை வைத்து எடுக்கப்பட்டதைக் காட்டும்.

இவ்வாறு பொருளைப் படித்தறிவது தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. தில்லியிலோ மும்பையிலோ வாழும் வீடுகளிலும், சீராக வந்த பித்தளைப் பாத்திரம் ஒன்றேனும் இருக்கக்கூடும். அதில் வெட்டிய பெயரின் எழுத்துகள் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கித் துலக்கி மங்கியிருக்கும். மங்கிவிட்டது என்பதற்காக எவரும் அப்பாத்திரத்தை எறிவதில்லை. தோசைக்கல்லின் செய்தியும் இத்தகையதே. புதிய இரும்புக் கல்லில் மாவு ஒட்டும். எண்ணெயும் நெருப்பும் பட்டுப் பழகிய கல்லிலேதான் தோசை எளிதில் எழும்பும். அங்கே பழமை குறையாகக் கருதப்படுவதில்லை, தகுதியாகவே கருதப்படுகிறது.

உழைத்தவர்களை எண்ணிப் பார்த்தால்

இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக் கலைஞர் எனப் போற்றப்படுபவர் ஹோமாய் வியாரவாலா. 1913இல் குசராத்தின் நவசாரியில் பிறந்த அவர், சேலை அணிந்து, கனமான கருவிகளைச் சுமந்து, தில்லியின் தெருக்களிலும் அரசு விழாக்களிலும் பணியாற்றினார். விடுதலைக் காலத் தில்லியையும், காந்தியடிகளின் இறுதிப் பயணத்தையும், நேருவின் பல முகங்களையும் அவருடைய படங்களில் காணலாம். 1970இல் அவர் அத்தொழிலிலிருந்து விலகினார். 2011இல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. அப்படங்களைப் பார்க்கும் எவரும், எடுத்த கருவி பளபளப்பாக இருந்ததா என்று கேட்பதில்லை. அந்த நாளில் அவர் அந்த இடத்தில் கருவியோடு நின்றார் என்பதே அவர்களுக்கு முக்கியம். கருவியின் மதிப்பை அளப்பதற்கும் இதுவே சரியான அளவுகோல்.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மறுப்புகள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிடல் முறையாகாது.

பூச்சு என்பது அழகுக்கு மட்டுமன்று. உலோகத்தைக் காப்பதற்கும் அதுவே உதவுகிறது என்பது முதல் மறுப்பு. இது பொதுவாக உண்மையே. இரும்பின் பூச்சு போனால் துரு பிடித்து அரித்துவிடும். ஆனால் பித்தளை இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. காற்றுபட்டு அதன் மேற்பரப்பு சற்றுக் கருத்து மங்கும், அவ்வளவே. ஆகவே, அடியில் உள்ள உலோகம் எது என்று அறிந்தபின் முடிவு செய்தல் வேண்டும். இரும்புத் திருகு வெளியே தெரிந்தால் அதைக் காப்பது அறிவுடைமை. பித்தளை தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

தேய்மானத்தைப் புகழ்வது கவனக்குறைவைப் புகழ்வதாகும் என்பது இரண்டாம் மறுப்பு. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். கை பட்டுத் தேய்ந்தது வேறு. கவனிப்பின்றிக் கெட்டது வேறு. கீழே விழுந்து நசுங்கிய மூலை, கீறல் விழுந்த லென்சு, ஈரக் காற்றில் லென்சினுள் படர்ந்த பூஞ்சை ஆகியவை உழைப்பின் அடையாளங்கள் அல்ல. மும்பை, சென்னை போன்ற கடலோர நகரங்களின் மழைக்காலத்தில், மூடிய தோல் உறையில் பல மாதம் கிடக்கும் கருவியைப் பூஞ்சை எளிதில் பற்றும். பயன்படுத்தாமல் பூட்டி வைத்த புதிய கருவி உள்ளே கெட்டிருக்கலாம். நாள்தோறும் வெளிச்சம் கண்ட பழைய கருவி உள்ளே நலமாக இருக்கலாம். வெளித்தோற்றத்தைக் கொண்டு மட்டும் எதையும் முடிவு செய்ய இயலாது என்பதே இதன் பாடம்.

தேய்ந்த பொருளுக்கு விலை குறையும் என்பது மூன்றாம் மறுப்பு. கடைக்காரர்கள் அவ்வாறே கூறுவர். பல வேளைகளில் அது சரியும்கூட. ஆனால் விலை தோற்றத்தை மட்டும் பார்த்து அமைவதில்லை. ஆஸ்கர் பர்னாக் தாமே பயன்படுத்திய, 1923ஆம் ஆண்டு மாதிரிக் கருவி ஒன்று 2022 சூன் மாதம் ஏலத்துக்கு வந்தது. அது 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு விலைபோனது. அதன் பார்வைச் சாளரத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. எவர் கையில் அது இருந்தது என்பதற்கே அவ்வளவு பெரிய தொகை கொடுக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு அதன் பாட்டனார் கையாண்ட கருவியும் அத்தகையதே. ஏலத்தில் மட்டும் அதற்கு விலை கிடைக்காது.

உழைக்காமல் வந்த தேய்மானம்

தேய்மானத்துக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தவுடன், அதை விலைக்கு விற்கும் எண்ணமும் பிறக்கிறது. 2015இல் லைக்கா நிறுவனம், அமெரிக்க இசைக்கலைஞர் லென்னி கிராவிட்ஸின் வடிவமைப்பில் சிறப்பு வெளியீடு ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் கறுப்புப் பூச்சு தொழிற்சாலையிலேயே கையால் தேய்க்கப்பட்டு, பித்தளை தெரியுமாறு செய்யப்பட்டிருந்தது. 125 தொகுப்புகளே உருவாக்கப்பட்டன. அதற்குச் 'செய்தியாளர்' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது.

அந்நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. வாங்கியவரும் அறிந்தே வாங்கினார். எனவே இதை ஏமாற்று என்று கூறுதல் பொருந்தாது. எனினும், ஒரு செய்தியும் சேகரிக்காத கருவிக்குச் செய்தியாளரின் தழும்புகளை இடுவது, படிக்காத புத்தகத்தின் பக்கங்களை மடித்து வைப்பதை ஒக்கும். முன்பே கிழித்து விற்கப்படும் ஜீன்சும் இவ்வகையைச் சேர்ந்ததே. தோற்றம் கிடைக்கும், அத்தோற்றத்தைத் தந்த நாள்கள் கிடைப்பதில்லை.

தேய்ந்ததற்குப் புதுப்பூச்சு அடிப்பதும் இதன் மறுபக்கமே. ஒன்று, நடவாத உழைப்பை நடந்ததாகக் காட்டுகிறது. மற்றொன்று, நடந்த உழைப்பை நடவாததாகக் காட்டுகிறது. பழுது நீக்குதல் தேவையானது. வரலாற்றை நீக்குதல் தேவையற்றது.

தேயாத பொருள்களின் காலம்

இன்றைய கருவிகள் பலவற்றில் பித்தளை இல்லை. 1976இல் வெளிவந்து மிகப் பரவலாக விற்ற கேனான் ஏஇ-1 கருவியிலேயே மேல்மூடி நெகிழியால் ஆனது. 2022இல் வந்த லைக்கா எம்11 கருவியின் கறுப்பு வகைக்கு அலுமினிய மேல்தகடு பொருத்தப்பட்டது; பித்தளைத் தகடுடைய வெள்ளி நிற வகையைவிட அதன் எடை ஏறத்தாழ 100 கிராம் குறைவு. நாள் முழுவதும் சுமப்பவருக்கு அந்த 100 கிராம் பெரிய உதவி. ஆகவே பழைய உலோகம் உயர்ந்தது, புதியது தாழ்ந்தது என்று வாதிடுவதில் பொருளில்லை.

கவலைக்குரியது வேறொன்று. கைப்பேசியில் படமெடுப்போர் பலர், அதன் விளிம்பு தேயும் முன்பே அடுத்ததை வாங்கிவிடுகின்றனர். தேய்மானம் ஏற்படுவதற்கு ஒரு பொருளோடு நெடுநாள் பழக வேண்டும். அப்படிப் பழகியவருக்கே எந்த வெளிச்சத்தில் அது நன்றாக வேலை செய்யும், எந்த இடத்தில் தவறும் என்பது விரல்நுனியில் தெரியும். கருவி தேயத் தேயக் கை தேறுகிறது. ஆண்டுதோறும் கருவியை மாற்றுபவர், ஆண்டுதோறும் தொடக்கத்திலிருந்தே பழக நேரிடுகிறது.

செய்ய வேண்டியது

எனவே, தேய்ந்த கருவி ஒன்று வீட்டில் இருந்தால் முதலில் அதை விற்பதைப் பற்றியோ பூச்சு அடிப்பதைப் பற்றியோ பேச வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கலாம். லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கலாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தை அருகில் வைக்கலாம். தேவையானால் பழுது நீக்குபவரிடம் காட்டலாம். படச்சுருள் இன்றும் விற்கப்படுகிறது. பெருநகரங்களில் அதைக் கழுவித் தருவோரும் உள்ளனர். அதன்பின், அதைப் பயன்படுத்திய தாத்தாவையோ அத்தையையோ அருகில் அமர்த்தி, அதே கருவியால் ஒரு படம் எடுக்கலாம். எந்த இடத்தில் பித்தளை தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் அவர்களுடைய விரல் இருந்தது. படம் எடுப்பவரின் விரலும் தானாகவே அங்குப் போய் அமரும்.

சிந்தித்து எழுதுக

1. கை பட்டுத் தேய்ந்ததற்கும் கவனிப்பின்றிக் கெட்டதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
2. தொழிற்சாலையிலேயே தேய்த்து விற்கப்படும் கருவி பற்றிய கட்டுரையின் கருத்தை ஏற்கிறீரா? காரணம் கூறுக.
3. உம் வீட்டில் நெடுநாள் பயன்பட்டுத் தேய்ந்த பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதன் தேய்மானம் கூறும் செய்தியைப் பத்து வரிகளில் எழுதுக.