கம்பியில்லாத் திருட்டு அலாரமும் ஜாமரும்: ஒரு நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாடு

கம்பியில்லாத் திருட்டு அலாரத்தில், கதவிலும் ஜன்னலிலும் ஒட்டிய சென்சார்கள் ரேடியோ அலை வழியே கன்ட்ரோல் பேனலுக்குச் செய்தி அனுப்புகின்றன. கதவு திறந்ததும் காந்தம் விலகுகிறது. சென்சார் விழித்து, ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் தன் செய்தியைச் சொல்லி முடிக்கிறது. அந்த நேரத்தில் அதே அதிர்வெண்ணில் இன்னொரு கருவி உரத்த இரைச்சலைக் கிளப்பினால் பேனலுக்குச் செய்தி எட்டாது. இதுதான் ஜாமிங். தாலி கட்டும் வேளையில் அபசகுனச் சொல் எதுவும் காதில் விழக்கூடாதென்று கெட்டிமேளம் கொட்டச் சொல்வார்கள். ஜாமர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை.

இதற்கு இடம் கொடுப்பது அலாரத்தின் அமைப்பே. சென்சாரின் சிறு பேட்டரி பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பதால் அதன் குரல் மிகச் சன்னமாக வைக்கப்படுகிறது. மற்ற நேரமெல்லாம் அது தூங்குகிறது. விலை குறைந்த வகைகளில் சென்சாருக்குப் பேச மட்டுமே தெரியும், கேட்கத் தெரியாது. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அறிய வழியில்லாமல், ஒரே செய்தியைச் சில முறை திருப்பிச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது. அதிர்வெண்ணும் ரகசியமில்லை. வட அமெரிக்காவில் 345, 433.92 மெகாஹெர்ட்ஸ் போன்றவையும் ஐரோப்பாவில் 433, 868 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளும் பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றில் சில கார்ச் சாவியும் கேட் ரிமோட்டும் புழங்கும் பொதுவழிகள்.

சென்சார் உயிரோடு இருப்பதைக் காட்ட அவ்வப்போது ‘இருக்கிறேன்’ என்றொரு செய்தி வரும். அது நின்றுபோனாலும் பல பேனல்கள் மணிக்கணக்கில் காத்திருந்துதான் குறை சொல்கின்றன. திருடனுக்குச் சில நிமிடம் போதும்.

இந்தப் பலவீனம் புதிதல்ல. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய லோகன் லாம்ப், வீட்டு அலாரங்களின் ரேடியோச் செய்திகளை அமுக்கவும் போலி எச்சரிக்கை எழுப்பவும் முடியும் என்று 2014இல் விளக்கினார். 2016இல் ஐஓஆக்டிவ் நிறுவனத்தின் ஆண்ட்ரூ ஸோனன்பெர்க், சிம்ப்ளிசேஃப் அலாரத்தை அணைக்கும் ரகசிய எண் செய்தியைக் காற்றிலேயே பதிவுசெய்து, பிறகு அதையே ஒலிபரப்பி அலாரத்தை அணைத்துக் காட்டினார். இரண்டாவது ஜாமிங் அல்ல, ஒட்டுக்கேட்டுத் திருப்பி ஒலிப்பது. விளம்பரங்கள் இவ்விரண்டையும் குழப்புவதால் வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். குறியாக்கம் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும், இரைச்சலைத் தடுக்காது. அதிர்வெண் மாற்றி மாற்றிப் பேசும் முறை ஒற்றை அதிர்வெண் ஜாமரைத் திணறடிக்கும்; பட்டை முழுவதையும் அடைக்கும் ஜாமர் முன் அதுவும் தோற்கும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் ஜாமரை விற்பதும் இயக்குவதும் 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டப்படி குற்றம். அங்கே ஜாமர்களைச் சந்தைப்படுத்திய சீன நிறுவனம் ஒன்றுக்கு, அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 2016இல் சுமார் 3.49 கோடி டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவிலும் தனியார் எவரும் ஜாமர் வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் நினைவூட்டியது. பூட்டை உடைக்கத் துணிந்தவனை இந்தத் தடை எவ்வளவு தயங்கவைக்கும் என்பது வேறு கேள்வி.

ஆகவே இந்த அமைப்பின் நிலைப்பாடு அலாரத்தைத் தயாரிப்பவர்களையும் விற்பவர்களையும் நோக்கியது. ஜாமிங்கை முழுதாகத் தடுக்க முடியாது, கண்டுபிடிக்க முடியும். அலைவரிசை வழக்கத்துக்கு மாறாகத் தொடர்ந்து இரைந்துகொண்டிருந்தால் அதைப் பேனலால் அளக்க முடியும். அந்த வசதி உள்ள பேனல்களிலும் பலவற்றில் அது அணைத்துவைக்கப்பட்டே விற்பனைக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக் கருவியால் பொய் அலாரம் அடிக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் உண்மைதான், ஆனால் அதைக் காட்டி வாங்குபவரிடம் மறைப்பது ஏற்கத்தக்கதல்ல. வசதி இயங்கும் நிலையிலேயே விற்கப்பட வேண்டும். வீட்டில் ஆளில்லாமல் அலாரம் போடப்பட்டிருக்கும்போது அலைவரிசை அடைபட்டால், அதைக் கோளாறுப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிவைக்காமல் எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். சென்சார் எத்தனை மணி நேரம் பேசாதிருந்தால் பேனல் சொல்லும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும்.

அச்சத்தைக் கிளப்பி விற்பதையும் இவ்வமைப்பு எதிர்க்கிறது. பெரும்பாலான திருடர்கள் ஜாமரோடு வருவதில்லை. திறந்த ஜன்னலும் பலவீனமான தாழ்ப்பாளும் அவர்களுக்குப் போதும். ஆனாலும் வைஃபை கேமராவை மட்டும் நம்பியிருக்கும் வீடுகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து எடைனா நகரில் நடந்த தொடர் திருட்டுகளில் வைஃபை ஜாமர் பயன்பட்டிருக்கலாம் என்று 2024இல் காவல்துறை சந்தேகித்தது. கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு இருந்தால் இணைப்பு அறுந்தாலும் பதிவு தங்கும். புதிதாகக் கட்டும் வீட்டில் முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாவது கம்பி இழுத்துவிடுவது நல்லது. பூச்சு வேலைக்கு முன் செய்தால் செலவும் குறைவு.

ஏற்கெனவே விற்ற கருவிகளின் நிலை வேறு. சிம்ப்ளிசேஃபின் பழைய கருவிகளில் இருந்தது ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சிப் என்பதால் மென்பொருளைப் புதுப்பித்து அந்த ஒட்டுக்கேட்புக் குறையைச் சரிசெய்ய வழியில்லை. அதேபோல, ஜாமிங்கைக் கண்டறியும் வசதியைப் புதுப்பித்துச் சேர்க்க முடியாத பேனல்களைத் தயாரிப்பாளரே சலுகை விலையில் மாற்றித் தர வேண்டும் என்றும், மாற்றும் வரை அந்தக் குறையை வாங்கியவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இவ்வமைப்பு கோருகிறது.