பாராட்டுக்கு முன் பாதை போடுவோம்



மார்ச் 8-ஆம் தேதி மகளிர் தினம். பிப்ரவரி 11-ஆம் தேதியை அறிவியலில் ஈடுபடும் பெண்கள், சிறுமியர் நாளாகக் கொண்டாட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் அறிவித்தது. இந்த நாட்களில் எல்லா ஊர்களிலும் மேடை போடுகிறார்கள். சாதித்த பெண்மணிகளுக்குச் சால்வை போர்த்துகிறார்கள். நாமும் கை தட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான். ஆனால், இருப்புப்பாதைப் பராமரிப்பிலேயே வேலைக் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்ற எனக்கு அப்போதெல்லாம் ஒரு நினைப்பு வரும். புதிய வண்டி விடும் நாளில் எஞ்சினுக்குத்தான் மாலை போடுவார்கள். வெயிலில் ஜல்லி கொட்டிப் பாதை போட்டவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. பாதை இல்லாவிட்டால் எவ்வளவு சக்தி வாய்ந்த எஞ்சினும் ஷெட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

பெண்கள் அறிவியலிலும் மருத்துவத்திலும் முன்னேறியதைப் பேசும்போது நாம் எஞ்சினை மட்டுமே பார்க்கிறோம். அவர்களுக்குப் பாதை போட்டது யார்? அதே பாதையை நம் வீட்டுப் பெண்ணுக்கு நாம் போடுகிறோமா? இதைத்தான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நிலவு வரை போன ஊர்ப் பெயர்

வெகுதூரம் போவானேன், நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் நம் பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். 2023 ஜூலை 14-ஆம் தேதி அங்கிருந்து கிளம்பிய சந்திரயான்-3 ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிலவின் தென் துருவப் பகுதிக்கு அருகே இறங்கியது. அந்தத் திட்டத்தின் துணை இயக்குநர் ஒரு பெண். நமது சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். அவர் பெயரே கல்பனா காளஹஸ்தி. ஸ்ரீஹரிக்கோட்டாவில் பணியைத் தொடங்கி, பிறகு பெங்களூரு செயற்கைக்கோள் மையத்துக்குச் சென்றவர். உலகப் புகழ் பெற்ற ‘நேச்சர்’ அறிவியல் இதழ், அந்த ஆண்டின் அறிவியலில் முக்கியமான பத்துப் பேரில் ஒருவராக அவரைக் குறிப்பிட்டது.

நம் தமிழ்ப் பெண்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 2019-இல் சென்ற சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் சென்னையைச் சேர்ந்த வனிதா முத்தையா. 2012-இல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் அரியலூரில் பிறந்த வளர்மதி.   2023 செப்டம்பரில் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

இவர்களைப் பற்றிப் படிக்கும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் இவர்கள் எல்லோரும் பதினேழு பதினெட்டு வயதில் ஏதோ ஒரு வீட்டில், ‘இந்தப் பெண்ணை வெளியூருக்கு அனுப்பலாமா, வேண்டாமா’ என்ற பேச்சைத் தாண்டி வந்தவர்களாகவே இருப்பார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் இன்று நாம் கைதட்ட ஆளேது?

ஒரு தந்தை செய்த காரியம்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான லலிதா அம்மையாரின் வரலாறு. சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பத்தில் 1919-இல் பிறந்தவர். 15 வயதில் திருமணம். 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையானார். அந்தக் காலத்தில் அத்தகைய பெண்ணின் கதி என்ன என்பதை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மூலையில் உட்கார வைத்திருப்பார்கள்.

அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். அவர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி, 1940-இல் தம் கல்லூரியிலேயே மின் பொறியியல் வகுப்பில் சேர்த்தார். அதுவரை அங்கே பெண்களே படித்ததில்லை. பெண்களும் சேரலாம் என்று தெரிந்ததும் கேரளத்தைச் சேர்ந்த பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இருவர் சிவில் பொறியியலில் சேர்ந்தார்கள். இவர்களுக்குக் கொடுத்த சான்றிதழில் ‘அவன்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பெண் வந்து சான்றிதழ் வாங்குவாள் என்று அச்சடித்தவர்கள் கனவிலும் நினைக்கவில்லை!

ரயில்வேக்காரனான எனக்கு இதில் தனி மகிழ்ச்சி ஒன்று உண்டு. லலிதா அம்மையார் செய்முறைப் பயிற்சி பெற்றது ஜமால்பூர் ரயில்வே பணிமனையில். பிறகு கல்கத்தாவில் ஒரு பெரிய மின் நிறுவனத்தில் பல்லாண்டுகள் பணியாற்றினார். பக்ரா நங்கல் அணையின் மின் கடத்தும் வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதலாவது உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் சென்று வந்தார். அவரோடு படித்த திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

இதில் லலிதாவின் அறிவையும் உழைப்பையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே அறிவோடு அதே காலத்தில் எத்தனை இளம் விதவைகள் சமையலறையிலேயே வாழ்ந்து முடிந்திருப்பார்கள்! அறிவில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்காகப் போய்ப் பேச ஒரு தந்தையும், கதவைத் திறக்க ஒரு முதல்வரும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தனிக் கல்லூரி எதற்கு?

‘பெண்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகம், தனி மருத்துவக் கல்லூரி எல்லாம் எதற்கு? சமத்துவம் என்றால் ஒன்றாகத்தானே படிக்க வேண்டும்?’ என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் திருப்பதியில் இரண்டும் உள்ளன. பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-இல் தோன்றியது. பத்மாவதி மகளிர் மருத்துவக் கல்லூரி 2014-இல் தொடங்கியது.

இக்கேள்விக்கு வேலூர் பதில் சொல்கிறது. நம் வீடுகளில் பெரிய நோய் என்றால் காட்பாடி வண்டி ஏறி வேலூர் மருத்துவமனைக்குத்தான் போகிறோம். அங்கே ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது அது பெண்களுக்கு மட்டுமே. பிரசவத்தில் துடித்த பெண்களை ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததால் உயிர்கள் போனதைத் திண்டிவனத்தில் கண்ணால் பார்த்தவர் அவர். ஆகவே பெண் மருத்துவர்களை உண்டாக்க வேண்டும் என்று உறுதி கொண்டார். 1947-இல்தான் அங்கே ஆண்களைச் சேர்த்தார்கள். பெண்களுக்காகப் போட்ட பாதையில் இன்று எல்லோரும் பயணம் செய்கிறோம். ‘பெண்ணைத் தனியே அனுப்பப் பயமாக இருக்கிறது’ என்று தயங்கும் பெற்றோர் இருக்கும் வரை தனிக் கல்லூரிகளும் வேண்டும். மெயின் லைனில் சேருவதற்கு அவை லூப் லைன் போல. ஆனால் லூப் லைனிலேயே வண்டியை நிறுத்தி வைத்துவிடக் கூடாது.

வண்டி நிற்கும் மூன்று இடங்கள்

‘இப்போதுதான் பெண்கள் எல்லாத் துறையிலும் வந்துவிட்டார்களே, இன்னும் என்ன குறை?’ என்பது அடுத்த கேள்வி. ரயில்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பெண் ரயில் ஓட்டுநரான சுரேகா யாதவ் 2025-இல் ஓய்வு பெற்றார். ரயில்வே வாரியம் ஏற்பட்டது 1905-இல். அதன் தலைமைப் பதவியில் முதல் பெண்ணாக ஜெயா வர்மா சின்ஹா அமர்ந்தது 2023-இல். இடையில் 118 ஆண்டுகள்! நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பெண் ஊழியர் ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். அவருக்கென்று ஒரு கழிப்பறை கூட அங்கே இல்லை. அடுத்த கட்டடத்துக்கு நடக்க வேண்டும். வேலைக்கான உத்தரவை அடித்துக் கொடுக்க ஒரு நாள் போதும். கழிப்பறை கட்ட இரண்டு வருடம் ஆயிற்று. கதவைத் திறப்பது வேறு, உள்ளே இருக்க வழி செய்வது வேறு.

வீட்டிலும் இப்படித்தான். நம் பெண்களின் வண்டி மூன்று இடங்களில் நின்றுவிடுகிறது.

முதலாவது, இன்டர்மீடியட் முடிந்த இடம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டாம். அக்காவுக்கு நல்ல மார்க், தம்பிக்குச் சுமாரான மார்க். தம்பியை நன்கொடை கட்டிச் சென்னையில் பொறியியலில் சேர்த்தார்கள். அக்காவுக்கு வெளியூரில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, உள்ளூரில் ஒரு டிகிரி. ‘அவளுக்கு நகையும் போட வேண்டும், படிப்புக்கும் செலவழிக்க வேண்டும் என்றால் எங்கே போவது?’ என்றார் தந்தை. கெட்ட மனிதர் அல்லர்; மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். இன்று அந்தப் பெண் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அவளிடம் படித்த இரண்டு பையன்கள் பொறியாளர்கள் ஆகிவிட்டார்கள்.

இரண்டாவது, திருமணம். இதில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நூறாண்டுகளுக்கு முன்பே வழி காட்டினார். ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பை மீறிச் சேர்ந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கும் முன், தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அவரும் ஏற்றார். அந்த வாழ்க்கையிலிருந்து நாட்டுக்குக் கிடைத்தது 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மறு ஆண்டே அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை ஏழைகளுக்காக அங்கேயே வாழ்ந்தார். இன்று நம் வீடுகளில் ஜாதகம் பார்க்கிறோம், சீர் பேசுகிறோம். ‘எங்கள் பெண் படிப்பைத் தொடர்வாள், வேலையை விடமாட்டாள்’ என்று நிச்சயத்தன்றே வாய்விட்டுப் பேசுகிறவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது, குழந்தை பிறந்த பிறகு. லலிதா அம்மையார் குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடிந்தது என்றால், உடன்பிறந்தார் குடும்பம் தோள் கொடுத்ததால்தான். எனக்குத் தெரிந்த ஒரு மாமியார், மருமகள் மருத்துவ மேற்படிப்பை முடிக்கும் வரை பேரனைத் தாமே வளர்த்தார். அந்த அம்மாளுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஆனால் ஒரு டாக்டரை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. மகளிர் தினத்தில் ஒரு சால்வையை அவருக்கும் போர்த்த வேண்டாமா?

நாம் செய்யக் கூடியவை

செலவு, பாதுகாப்பு, வரன் கிடைக்குமா என்ற கவலை, இவையெல்லாம் பொய்க் கவலைகள் அல்ல. அதிலும் சொந்த ஊரை விட்டு வந்து, உறவினர் பக்கத்தில் இல்லாமல் வாழும் நமக்கு இவை இரட்டிப்பாகத் தெரிகின்றன. அதனால்தான் சங்கம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம். ஆண்டு விழாவில் மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குக் கோப்பையும் குத்துவிளக்கும் கொடுக்கிறோம். அந்தப் பணத்தைச் சேர்த்து, ஆண்டுக்கு ஒரு பெண்ணுக்காவது முதல் வருட விடுதிக் கட்டணமாகக் கொடுக்கலாம். சென்னை, வேலூர், பெங்களூரு, ஐதராபாத் நகரங்களில் நம் குடும்பங்கள் உள்ளன. படிக்கப் போகும் பெண்ணுக்கு அவசரத்தில் உதவ ஒரு வீடு என்று முகவரிப் பட்டியல் தயாரிக்கலாம். திருப்பதியில் படிக்கும் நம் பெண்கள் விடுமுறையில் வரும்போது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசச் செய்யலாம்.

இவை சங்கம் செய்ய வேண்டியவை. வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. மகனுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்களோ, மகளின் படிப்புக்கும் அவ்வளவு ஒதுக்குங்கள். நகைக்கென்று எடுத்து வைத்ததிலிருந்து கொடுத்தாலும் சரி. நகையை விற்றால் ஒரு முறைதான் காசு. படிப்பு ஆயுள் முழுவதும் சோறு போடும்.

வரும் ஜூன் மாதம் கல்லூரி விண்ணப்பங்களோடு பிள்ளைகள் உங்கள் முன் வந்து நிற்பார்கள். மகளின் விண்ணப்பத்தில் தூரத்து ஊர்ப் பெயர் எழுதியிருந்தால், கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதே விண்ணப்பம் மகனுடையதாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அதையே மகளுக்கும் செய்யுங்கள்.