வாடும் மலருக்காகக் காத்திருந்தவர்



மலரைக் குறித்துப் பிரசங்கங்களில் பெரும்பாலும் ஒரே செய்தி கூறப்படுகிறது: அது மலர்ந்து வாடும், உலக வாழ்வும் அத்தகையதே, ஆகையால் அதில் மனதை வைக்காதிருங்கள். ஏசாயா 40-ஆம் அதிகாரத்தை வாசித்த எவரும் இதை மறுக்க முடியாது. ஆயினும் இது பாதிச் செய்தி மாத்திரமே என்பது என் எண்ணம். மறுபாதியை ஓர் ஓவியரிடம் கற்றுக்கொள்ளலாம்.

1606-ஆம் ஆண்டில் ஆன்ட்வெர்ப் நகரத்து ஓவியர் யான் புரூகல், மிலான் பேராயர் கர்தினால் ஃபெடெரிகோ பொரோமேயோவுக்காக ஒரு மலர்க்கொத்தை வரைந்தார். பூ, பழம், பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களை வரைவது ஐரோப்பாவில் ஒரு தனிக் கலையாக உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட மலர்கள் ஒரே குடுவையில் நெருங்கி நிற்கும் அவ்வோவியம், மிலானின் அம்புரோசியானா காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

அந்தக் கொத்து எந்நாளிலும் எந்த மேசைமீதும் இருந்ததில்லை. குளிர்கால முடிவில் மலர்பவையும் கோடையில் மலர்பவையும் ஒரே நாளில் பறிக்கக்கூடியவை அல்லவே! ஒவ்வொன்றும் மலரும் காலம்வரை புரூகல் காத்திருந்து, அதை நேரில் கண்டு வரைந்தார். ஆன்ட்வெர்ப்பில் கிடைக்காத சில மலர்களுக்காகப் பிரசெல்ஸ் வரை சென்றதாகக் கர்தினாலுக்கு எழுதினார். மலர் ஓவியருக்காகக் காத்திராது. ஓவியரே மலருக்காகக் காத்திருக்க வேண்டும். குடுவையின் அடியில் ஓர் ஆபரணத்தையும் நாணயங்களையும் சிப்பிகளையும் வரைந்து வைத்தார். அந்த ஆபரணத்தின் மதிப்புக்கு ஈடான தொகையையே ஓவியத்துக்கு விலையாகக் கொடுத்ததாகக் கர்தினால் பின்னர் எழுதினார்.

சில நாளில் உதிர்வதற்கு இத்தனை மாத உழைப்பு வீணா? மத்தேயு 6:28-ஐக் கவனியுங்கள். காட்டுப்புஷ்பங்களைப் பார்க்கும்படி நம் ஆண்டவர் சொல்லும் இடத்தில் வரும் கிரேக்க வினைச்சொல், நன்றாய் ஆராய்ந்து கற்பதைக் குறிக்கும். அந்தப் புல் நாளை அடுப்பில் போடப்படும் என்பதையும் 30-ஆம் வசனத்தில் அவரே சொல்லுகிறார். அப்படியிருந்தும் தேவன் அதற்கு அழகு உடுத்துகிறார். நாளை இராததற்கு இன்று இவ்வளவு அலங்காரம்! நிலையாமை அசட்டைக்குக் காரணம் ஆகாது. இன்றே உற்றுநோக்க அதுவே காரணம்.

உங்கள் இல்லத்திலும் வாடிக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கலாம். பிள்ளைகளின் பெயர்களையே மறந்துவரும் தாயாராக இருக்கலாம். வருகிறவர்கள் மற்றவர்களிடம் நலம் விசாரித்துவிட்டு, "இனி அவர்களுக்கு என்ன தெரியும்?" என்று அவரைக் கடந்து போகிறார்கள். நீங்கள் கடந்து போகாதிருங்கள். இந்த வாரம் ஒரு மணி நேரம் அவர் அருகில் அமருங்கள். அவர் முகத்தை, கைகளை, தடுமாறி வரும் ஒரு சொல்லை, கற்றுக்கொள்ளுகிறவரைப்போல் கவனியுங்கள். மறுமொழி வரும்வரை காத்திருங்கள், வராவிட்டாலும் அமர்ந்திருங்கள்.

புல்லுக்கு உடுத்துவிக்கிறவர் உங்கள் கண்களைத் திறப்பாராக. ஆமென்.